பேசாத விமானம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது

வானத்தில் இரண்டு விமானங்கள் மோதிக்கொள்ளாமல் தடுப்பது யார்? பைலட்டா, தரையில் ரேடார் முன் உட்கார்ந்திருக்கும் கண்ட்ரோலரா, அல்லது கம்ப்யூட்டரா? மூவரும்தான். இந்த மூவரில் கம்ப்யூட்டர் தன் பங்கை எப்படிச் செய்கிறது, எந்த இடத்தில் அதனால் ஒன்றும் செய்ய முடியாமல் போகிறது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். இதில் ஒரு பகுதியை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நேரடியாகப் பார்க்கும் வழியும் கடைசியில் தரப்பட்டுள்ளது.

மூன்று பேர் பிழைத்த கதை

2021 மே 12. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு அருகே உள்ள சென்டென்னியல் விமான நிலையம். சிறிய விமானங்கள் வந்துபோகும் நிலையங்களில் அந்த நாட்டிலேயே மிகவும் பரபரப்பானவற்றில் இதுவும் ஒன்று. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இணை ஓடுபாதைகள் இருக்கின்றன. ஒன்றில் இறங்குவதற்காக சிர்ரஸ் எஸ்ஆர்22 என்ற ஒற்றை எஞ்சின் விமானம் வந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு பேர். மற்றொன்றில் இறங்குவதற்காக மெட்ரோலைனர் என்ற இரட்டை எஞ்சின் விமானம் வந்தது. அதில் பைலட் மட்டும்.

சிர்ரஸ் விமானம் தன் ஓடுபாதைக்கு நேராகத் திரும்ப வேண்டிய இடத்தில் வேகம் கூடுதலாக இருந்ததால் திருப்பம் அகலமாகிவிட்டது. தன் பாதையைத் தாண்டிப் பக்கத்துப் பாதைக்குள் போய், மெட்ரோலைனர் மீது மோதியது. மெட்ரோலைனரின் கூரை பிய்ந்து திறந்துகொண்டது. என்ன நடந்தது என்று அதன் பைலட்டுக்குப் புரியவில்லை. வலது எஞ்சின் பழுதாகிவிட்டது போலிருக்கிறது என்றுதான் அவர் கண்ட்ரோலரிடம் சொன்னார். அப்படியே பத்திரமாகத் தரை இறக்கியும் விட்டார். சிர்ரஸில் இருந்தவர்கள், விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டை இழுத்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் காயம் இல்லை!

இரண்டு விமானங்களும் வெவ்வேறு அலைவரிசைகளில் வெவ்வேறு கண்ட்ரோலர்களோடு பேசிக்கொண்டிருந்தன. சிர்ரஸ் பக்கத்தில் இருப்பதை மெட்ரோலைனருக்கு யாரும் சொல்லவில்லை என்பதையும் ஒரு காரணமாக விசாரணை அறிக்கை குறிப்பிட்டது.

நம் ஊர் வானம்

கொலராடோ எங்கோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடிக் கடற்கரையில், ஆலம்பரைக் கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள கடப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 80 கி.மீ. தூரம். அதாவது ஏறத்தாழ 43 கடல் மைல். பயணிகள் விமானம் 1000 அடி இறங்குவதற்குச் சுமார் 3 கடல் மைல் வேண்டும் என்பது பைலட்டுகளின் மனக்கணக்கு. 43-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள். தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் இந்த இடத்தைக் கடக்கும்போது 14,000 அடி உயரத்தை ஒட்டி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இன்னும் சுமார் பத்துப் பதினைந்து நிமிடங்களில் அது தரையைத் தொட்டுவிடும்.

மீனம்பாக்கத்துக்கு மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் கடல் பக்கமிருந்தும் விமானங்கள் வருகின்றன. எல்லாம் ஒரே இடத்தை நோக்கி, வரிசை பிடித்து, இறங்கியபடியே வருகின்றன. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளித் தாம்பரம் விமானப் படை நிலையம். பறக்கும் பயிற்சி ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி அது. ஆகவே பெரிய விமானமும் சிறிய பயிற்சி விமானமும் ஒரே வானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் நிலை நமக்கும் உண்டு. இவற்றுக்குள் மேலும் கீழும் குறைந்தது 1000 அடி, அல்லது பக்கவாட்டில் குறைந்தது 3 முதல் 5 கடல் மைல் இடைவெளி இருக்க வேண்டும் என்பது ரேடார் கட்டுப்பாட்டில் உலகெங்கும் உள்ள பொதுவான அளவு. இந்த இடைவெளி குறைந்துபோனால் அதற்கு ஏர்ப்ராக்ஸ் என்று பெயர். நூலிழையில் தப்பியது என்று செய்தித்தாள்கள் எழுதுவது இதைத்தான்.

கண் ஏன் போதாது?

எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாதா, விலகிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஒரு சிறு கணக்கு. நான்கு பேர் அமரும் செஸ்னா 172 விமானத்தின் இறக்கை நீளம் 11 மீட்டர். அது 2 கி.மீ. தூரத்தில் இருக்கும்போது, கையை நீட்டிப் பிடித்த அரை அரிசி மணி அளவுதான் தெரியும். இரண்டு சிறிய விமானங்கள் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வந்தால், அந்த 2 கி.மீ. தீர 18 விநாடிதான் ஆகும்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. மோதப் போகும் விமானம் கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். குறுக்குச் சாலையில் வரும் லாரி உங்கள் பஸ்ஸின் ஜன்னலில் முன்னேயும் போகாமல், பின்னேயும் போகாமல் அதே இடத்தில் தெரிந்தால், இரண்டும் சந்திப்புக்கு ஒரே நேரத்தில் வரப்போகின்றன என்று பொருள். விமானத்திலும் அதேதான். நகரும் பொருளைத்தான் கண் சட்டென்று பிடிக்கும். ஆபத்தான விமானமோ நகராது. கடைசி சில விநாடிகளில் திடீரென்று பெரிதாகும், அவ்வளவுதான்.

ரேடாருக்கும் ஒரு குறை

ரேடார் இருக்கிறதே என்பீர்கள். பழைய வகையான பிரைமரி ரேடார் ரேடியோ அலையை அனுப்பி, விமானத்தின் உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கிறது. கிணற்றில் குரல் கொடுத்து எதிரொலி கேட்பது போல. அதனால் விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும். என்ன உயரத்தில் இருக்கிறது, அது யாருடைய விமானம் என்று சொல்ல முடியாது.

இதற்கு நம் நாடு கொடுத்த விலை மிகப் பெரியது. 1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய ஏர்லைன்ஸின் போயிங் 747-ம், டெல்லிக்கு வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் ஏர்லைன்ஸின் இல்யூஷின் 76-ம் ஹரியானாவின் சர்கி தாத்ரி அருகே மோதின. 349 பேரும் இறந்தனர். வருவதற்கும் போவதற்கும் ஒரே வான்பாதை. சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று கண்ட்ரோலர் பிரித்துத்தான் கொடுத்திருந்தார். கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. கண்ட்ரோலரின் திரையில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. உயரம் தெரியவில்லை. இதற்குப் பிறகுதான் டெல்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதைகள் வந்தன. மோதல் தடுப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியதும் இதற்குப் பிறகுதான்.

கேட்டால் பதில் சொல்லும் பெட்டி

உயரம் தெரிய வேண்டுமென்றால் விமானமே வாய் திறந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் பெட்டிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். தரையில் உள்ள செகண்டரி ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் "நீ யார்? எவ்வளவு உயரம்?" என்று கேட்கும். விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்பும்.

"நீ யார்?" என்பதற்குப் பதில் நான்கு இலக்க எண். இதை ஸ்குவாக் கோடு என்பார்கள். ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 7 வரைதான் இருக்கும். 8, 9 வராது. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் புரிந்திருக்கும், இது ஆக்டல் எண். மொத்தம் 12 பிட், 4096 எண்கள். இவற்றில் சில தனிப் பொருள் கொண்டவை. 7500 என்றால் விமானக் கடத்தல், 7600 என்றால் ரேடியோ பழுது, 7700 என்றால் அவசர நிலை.

4096 எண்கள் உலகத்துக்குப் போதுமா? போதாது. அதனால் மோட் எஸ் என்ற புதிய வகை டிரான்ஸ்பாண்டரில் ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் முகவரி ஒன்று நிரந்தரமாகக் கொடுக்கப்படுகிறது. உங்கள் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுக்கு 48 பிட் முகவரி இருப்பது போலத்தான் இதுவும். 24 பிட்டில் சுமார் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் கிடைக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் பதிவான விமானங்களின் முகவரியை ஹெக்ஸாடெசிமலில் எழுதினால் 8 என்று தொடங்கும்.

டிகாஸ்: விமானத்துக்குள் ஒரு காவல்காரர்

தரை ரேடார் கேட்கும் அதே கேள்வியை இன்னொரு விமானமே கேட்டால் என்ன? அதுதான் டிகாஸ் என்ற மோதல் தடுப்புக் கருவி. இது ஒவ்வொரு விநாடியும் சுற்றியுள்ள விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ரேடியோ அலையின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. எனவே 15 கி.மீ. தள்ளியிருக்கும் விமானத்துக்குப் போய் வர ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். டிரான்ஸ்பாண்டர் யோசிக்கும் நேரம் நிலையானது, அதைக் கழித்துவிடுகிறது. உயரம், பதிலிலேயே வந்துவிடுகிறது. இதற்கு சாட்டிலைட்டோ தரை நிலையமோ தேவையில்லை.

அடுத்ததுதான் இதன் மூளை. எவ்வளவு தூரத்தில் வந்தால் ஆபத்து என்று கம்ப்யூட்டர் எப்படி முடிவு செய்யும்? இரண்டு ஜெட் விமானங்கள் தலா 800 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வந்தால் 12 கி.மீ. இடைவெளி 27 விநாடியில் தீர்ந்துவிடும். ஒன்றன் பின் ஒன்றாக 30 கி.மீ. வேக வித்தியாசத்தில் போனால் வெறும் 3 கி.மீ. இடைவெளி தீரவே 6 நிமிடம் ஆகும். ஆகவே தூரம் சரியான அளவுகோல் அல்ல. இன்னும் எத்தனை விநாடி என்பதுதான் அளவுகோல். தூரத்தை, நெருங்கும் வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான்! பெண்டிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் மாரல் 1950-களில் முன்வைத்த இந்த யோசனைதான் இன்றைக்கும் டிகாஸின் அடிப்படை. மெதுவாக நெருங்கி ஒட்டிவிடும் விமானங்களுக்காக, குறைந்தபட்சத் தூரம் ஒன்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மோதல் சுமார் 20 முதல் 48 விநாடி தூரத்தில் இருக்கும்போது, "ட்ராஃபிக், ட்ராஃபிக்" என்று குரல் வரும். பக்கத்தில் விமானம் இருக்கிறது, பார்த்துக்கொள் என்பது இதன் பொருள். உயரத்தைப் பொறுத்து 15 முதல் 35 விநாடி இருக்கும்போது உத்தரவு வரும். "க்ளைம்ப், க்ளைம்ப்" என்றால் மேலே ஏறு. "டிசெண்ட், டிசெண்ட்" என்றால் கீழே இறங்கு. இடம் வலம் திரும்பச் சொல்லாது. எதிர் விமானம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை டிகாஸின் ஆண்டெனா அவ்வளவு துல்லியமாக அளப்பதில்லை. ஆனால் உயரம் 100 அடிக்குள், மோட் எஸ் என்றால் 25 அடிக்குள் துல்லியமாகத் தெரியும். அதனால் மேல், கீழ் மட்டுமே.

இரண்டு விமானங்களும் ஒரே நேரத்தில் மேலே ஏறினால்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ஒன்று "நான் ஏறுகிறேன்" என்று முடிவு செய்தவுடன் மோட் எஸ் வழியாக மற்றதற்குச் செய்தி அனுப்பும். மற்றது இறங்குவதைத் தேர்ந்தெடுக்கும். ஒரே கணத்தில் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டால், 24 பிட் முகவரி எண் பெரிதாக உள்ள விமானம் தன் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நெட்வொர்க்கில் இரண்டு கம்ப்யூட்டர்களுக்குள் தகராறு வந்தால் தீர்த்துவைப்பது போலவே இருக்கிறது, இல்லையா?

பெங்களூரு வானில் 200 அடி

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2018 ஜூலை 10 அன்று பெங்களூரு அருகே இண்டிகோ நிறுவனத்தின் இரண்டு விமானங்கள் நெருங்கிவிட்டன. ஒன்று கோயம்புத்தூரிலிருந்து ஹைதராபாத்துக்கும், மற்றொன்று பெங்களூரிலிருந்து கொச்சிக்கும் போய்க்கொண்டிருந்தன. இரண்டிலும் சேர்த்து 328 பயணிகள். 27,000 அடியைத் தாண்டிய உயரத்தில், இரண்டுக்கும் இடையே உயரத்தில் 200 அடி, பக்கவாட்டில் சுமார் 4 மைல்தான் இருந்தது. இரண்டு விமானங்களிலும் டிகாஸ் குரல் கொடுத்தது. பைலட்டுகள் சொன்னபடி செய்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கம்ப்யூட்டர் ஒன்று சொல்ல, மனிதர் வேறு சொல்ல

2002 ஜூலை 1 இரவு. ஜெர்மனியின் உபெர்லிங்கன் நகருக்கு மேலே, ரஷ்யாவின் டுபொலேவ் 154 பயணிகள் விமானமும் டிஎச்எல் நிறுவனத்தின் போயிங் 757 சரக்கு விமானமும் ஒரே உயரத்தில் நெருங்கின. சூரிச்சில் அந்த நேரத்தில் ஒரே ஒரு கண்ட்ரோலர்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மோதலைத் திரையில் எச்சரிக்கும் தரைக் கம்ப்யூட்டர் வசதி அன்று பராமரிப்புக்காக முழுமையாக இயங்கவில்லை. அவர் கடைசி நேரத்தில் கவனித்து, ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதே நேரத்தில் ரஷ்ய விமானத்தின் டிகாஸ் ஏறச் சொன்னது. டிஎச்எல் விமானத்தின் டிகாஸ் இறங்கச் சொன்னது. டிஎச்எல் பைலட் டிகாஸ் சொன்னதைக் கேட்டார். ரஷ்ய பைலட் கண்ட்ரோலர் சொன்னதைக் கேட்டார். இரண்டும் சேர்ந்து இறங்கி மோதின. 71 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள்.

இதற்குப் பிறகு விதி தெளிவாக்கப்பட்டது. டிகாஸ் உத்தரவு கொடுத்துவிட்டால், கண்ட்ரோலர் வேறு சொன்னாலும் டிகாஸ் சொல்வதைத்தான் செய்ய வேண்டும். சாஃப்ட்வேரும் திருத்தப்பட்டது. 7.1 என்ற பதிப்பில், எதிர் விமானம் சொன்னபடி நடக்கவில்லை என்று தெரிந்தால் தன் உத்தரவை மாற்றிக்கொடுக்கும் திறன் மேம்படுத்தப்பட்டது. பைலட்டுகளைக் குழப்பிய ஒரு குரலை எடுத்துவிட்டு, "லெவல் ஆஃப்", அதாவது அதே உயரத்தில் நில் என்ற எளிய குரலை வைத்தார்கள்.

எங்கே கைவிடும்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். டிகாஸ் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், அது கேட்டால் பதில் சொல்கிற விமானத்தைத்தான் பார்க்கும். பதில் சொல்லாத விமானம் அதன் கணக்கில் வானத்திலேயே இல்லை.

1986 ஆகஸ்ட் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்ஸிகோ நிறுவனத்தின் டிசி-9 விமானமும், பைப்பர் என்ற சிறிய விமானமும் செரிட்டோஸ் என்ற ஊருக்கு மேலே மோதின. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 82 பேர் இறந்தனர். அந்தச் சிறிய விமானத்தின் டிரான்ஸ்பாண்டர், உயரத்தைச் சொல்லாத பழைய வகை. உயரம் தெரியாமல் டிகாஸால் ஏறு, இறங்கு என்று உத்தரவு கொடுக்க முடியாது. இந்த விபத்துக்குப் பிறகு 1987-ல் அமெரிக்கா சட்டம் இயற்றி, பெரிய பயணிகள் விமானங்களில் டிகாஸைக் கட்டாயமாக்கியது. நெரிசலான விமான நிலையங்களைச் சுற்றி உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டரையும் சிறிய விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது.

2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் கோல் நிறுவனத்தின் போயிங் 737 விமானமும் லெகஸி என்ற சிறிய தனியார் ஜெட்டும் 37,000 அடியில் நேருக்கு நேர் வந்தன. இரண்டிலும் டிகாஸ் இருந்தது. ஆனால் லெகஸியின் டிரான்ஸ்பாண்டர் நெடுநேரமாக இயங்கவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. டிரான்ஸ்பாண்டர் நின்றால் அந்த விமானத்தின் சொந்த டிகாஸும் வேலை செய்யாது. இரண்டிலும் ஒரு குரலும் எழவில்லை. போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தனர். லெகஸி இறக்கை நுனி உடைந்த நிலையில் தரை இறங்கியது.

இன்னும் இரண்டு எல்லைகள் உண்டு. தரையிலிருந்து சுமார் 1000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் டிகாஸ் ஏறு, இறங்கு என்று உத்தரவு கொடுக்காது. தரைக்கு அருகில் திடீரென்று இறங்கச் சொல்வதே ஆபத்து அல்லவா? மற்றொன்று, சர்வதேச விதிப்படி 5700 கிலோவுக்கு மேற்பட்ட அல்லது 19 பயணிகளுக்கு மேல் ஏற்றும் விமானங்களுக்குத்தான் டிகாஸ் கட்டாயம். இரண்டு பேர், நான்கு பேர் அமரும் பயிற்சி விமானங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆக, விமான நிலையத்தை நெருங்கும் கடைசிக் கட்டத்தில், அதுவும் இரண்டும் சிறிய விமானங்கள் என்றால், பொறுப்பு மீண்டும் பைலட்டின் கண்ணுக்கும் கண்ட்ரோலரின் கவனத்துக்கும் வந்துவிடுகிறது. சென்டென்னியலில் நடந்தது அதுதான்.

கண்ட்ரோலரின் கவனம் காப்பாற்றிய கதையும் நம்மிடம் உண்டு. 2022 ஜனவரியில் பெங்களூரில் இரண்டு இணை ஓடுபாதைகளிலிருந்து இரண்டு இண்டிகோ விமானங்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒன்றை நோக்கி ஒன்று போயின. கோபுரத்தில் ஏற்பட்ட தகவல் குழப்பம் அது. ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ட்ரோலர் ஒருவர் கவனித்து, இரண்டையும் எதிரெதிர் பக்கம் திருப்பிவிட்டார். இரண்டிலும் சேர்த்து நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

கேட்காமலே சொல்லும் விமானம்

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ஏடிஎஸ்-பி. இதில் யாரும் கேள்வி கேட்கத் தேவையில்லை. விமானம் ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தைத் தானே தெரிந்துகொண்டு, விநாடிக்கு இரண்டு முறை "நான் இங்கே இருக்கிறேன், இந்த உயரம், இந்த வேகம்" என்று 1090 மெகாஹெர்ட்ஸில் அறிவித்துக்கொண்டே போகும். ஒரு செய்தியின் நீளம் 112 பிட்தான். பெறும் கருவி விலை குறைவு என்பதால் சிறிய விமானத்திலும் வைத்துக்கொள்ளலாம். டேப்லெட் கம்ப்யூட்டரிலேயே சுற்றியுள்ள விமானங்களைப் பார்த்துக்கொண்டு ஓட்டும் பைலட்டுகள் இருக்கிறார்கள்.

இதிலும் குறை உண்டு. செய்தி பூட்டப்படாத திறந்த செய்தி. ஜிபிஎஸ் தவறாகக் காட்டினால் ஏடிஎஸ்-பி-யும் தவறாகத்தான் சொல்லும். அதனால்தான் டிகாஸ் இன்னும் தன் சொந்தக் கேள்வி-பதிலில் தூரத்தை அளந்து பார்க்கிறது.

கடலிலும் இதே கதைதான். 300 டன்னுக்கு மேற்பட்ட சர்வதேசக் கப்பல்கள் ஏஐஎஸ் என்ற கருவி மூலம் தங்கள் இடத்தை அறிவித்துக்கொண்டே போக வேண்டும். கடப்பாக்கம் கரையிலிருந்து இரவில் வலை போடப் போகும் சிறிய ஃபைபர் படகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கப்பலின் ஏஐஎஸ் திரையைப் பொறுத்தவரை அந்தப் படகு கடலில் இல்லை.

உங்கள் வீட்டில் பார்ப்பது எப்படி?

விமானங்கள் அறிவிக்கும் இந்தச் செய்திகளை உலகம் முழுவதும் ஆர்வலர்கள் பிடித்து இன்டர்நெட்டில் சேர்க்கிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு விமான ஆர்வலர்கள் தொடங்கிய ஃப்ளைட்ரேடார்24 என்ற தளம் இதில் பிரபலமானது. கட்டணம் இல்லாமலே பார்க்கலாம்.

1. பிரௌசரில் அந்தத் தளத்தைத் திறந்து, வரைபடத்தைச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே நகர்த்துங்கள். மவுஸ் சக்கரத்தைச் சுழற்றிப் பெரிதாக்குங்கள்.

2. நகரும் ஏதாவது ஒரு விமானப் படத்தின் மீது கிளிக் செய்யுங்கள். எங்கிருந்து எங்கே போகிறது, உயரம் எத்தனை அடி, வேகம் எத்தனை நாட் என்பது தெரியும். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.

3. மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மீதி இருக்கும் தூரத்தையும் உயரத்தையும் ஒப்பிடுங்கள். 1000 அடிக்கு 3 கடல் மைல் என்ற கணக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள்.

4. இரண்டு விமானங்கள் ஒன்றன் மேல் ஒன்று வந்துவிட்டதுபோல் திரையில் தெரிந்தால் பதற வேண்டாம். இரண்டின் மீதும் கிளிக் செய்து உயரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 1000 அடியோ அதற்கு மேலோ வித்தியாசம் இருக்கும். 1996-ல் டெல்லிக் கண்ட்ரோலருக்குக் கிடைக்காத தகவல் இது. இன்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குக் கிடைக்கிறது!

யுஎஸ்பி டிவி டியூனர் போன்ற சிறிய கருவியைக் கம்ப்யூட்டரில் செருகி, டம்ப்1090 என்ற இலவச சாஃப்ட்வேர் மூலம் விமானச் செய்திகளை நேரடியாகப் பிடிப்பவர்களும் உண்டு. நம் நாட்டில் வயர்லெஸ் கருவிகளுக்கு விதிமுறைகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இதில் இறங்க வேண்டாம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தாம்பரத்திலிருந்து எழும் பயிற்சி விமானத்தின் சத்தம் உங்கள் மொட்டை மாடியில் கேட்கலாம், ஆனால் அது இந்தத் திரையில் வராமல் போகலாம். ராணுவ விமானங்களும் ஏடிஎஸ்-பி இல்லாத சிறிய விமானங்களும் பெரும்பாலும் இதில் தெரியாது. திரையில் இல்லை என்பதால் வானத்தில் இல்லை என்று அர்த்தமில்லை. இது ஒரு தளத்தின் குறை மட்டுமல்ல. இதுவரை பார்த்த எல்லா மோதல் தடுப்புக் கருவிகளுக்கும் இதுதான் எல்லை. டிரான்ஸ்பாண்டர் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பைலட் ஒரு முறை சரிபார்ப்பதும், குரல் வந்தவுடன் அதன்படி செய்வதும், கண்ட்ரோலர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்வதும் நடந்தால்தான் கம்ப்யூட்டரால் தன் வேலையைச் செய்ய முடியும்.